லோ சுகர்: கல்லீரலை நம்பிச் செய்யும் தவறுகள்

ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் லோ சுகர். அப்போது உடம்புக்கு முதலில் கைகொடுப்பது கல்லீரல்தான். கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் வந்ததும், கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்த குளுக்கோஸை ரத்தத்தில் விடும். அந்த இருப்பு பெரியவர்களுக்குச் சுமார் 100 கிராம்.

இதை நம்பி, "கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும்" என்று இருப்பதுதான் பெரிய தவறு. இன்சுலின் ஊசியோ, இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ வேலை செய்துகொண்டிருக்கும்போது, அந்த இன்சுலினே கல்லீரலைக் குளுக்கோஸ் விடாமல் தடுக்கிறது. வகை 1 சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கோ, நோய் வந்த சில ஆண்டுகளிலேயே லோ சுகரின்போது குளுக்ககான் சுரப்பது மங்கிவிடும். இருப்பு உள்ளே இருந்தும் வெளியே வராது.

வெறும் வயிற்றில் குடிப்பது இன்னும் ஆபத்து. மதுவை முறிக்கும் நேரத்தில் கல்லீரலால் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்க முடிவதில்லை. சாப்பிடாததால் இருப்பும் கரைந்திருக்கும். ராத்திரி குடித்தவருக்கு மறுநாள் காலையிலும் சுகர் இறங்கலாம். நாக்குக் குழறுவதையும் தள்ளாடுவதையும் பார்த்து "போதை, தூங்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள், உடனே விரலில் குத்திச் சுகரைப் பாருங்கள். குளுக்ககான் ஊசி இருக்கிறதே என்ற தைரியமும் அப்போது வேண்டாம். அது கல்லீரலில் இருப்பதைத்தான் வெளியே தள்ளும். இருப்பு தீர்ந்திருந்தால் சரியாக வேலை செய்யாது.

அப்புறம், லோ சுகருக்குச் சாக்லேட் சாப்பிடும் தவறு. அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொண்டு, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லை என்றால் மறுபடியும் எடுங்கள். அகார்போஸ், வோக்ளிபோஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்க நோய் உள்ளவர்கள், இன்சுலினையோ மாத்திரையையோ பழைய டோஸிலேயே தொடர்வதும் தவறு. சுருங்கிய கல்லீரலில் கிளைக்கோஜன் குறைவு, இன்சுலினும் மெதுவாகத்தான் கழியும். காலை வெறும் வயிற்றுச் சுகர் திடீரென்று நன்றாகக் குறைந்து வந்தால் சந்தோஷப்பட்டுவிடாமல், டோஸைக் குறைக்க வேண்டுமா என்று அந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.