மீன் கிடைத்த இடத்தைக் குழுவில் போடும் முன்

தூண்டில் போடுபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் யாராவது பெரிய பாரை மீனைத் தூக்கிப் பிடித்தபடி படம் போட்டால், மறு நிமிடமே வரும் கேள்வி “அண்ணே, லொக்கேஷன்?” கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதுவரை குழுவில் வாயே திறக்காதவர் வந்ததும் வராததுமாக இதைக் கேட்டால் எரிச்சல்தான் வரும். “மணக்குடிப் பாலத்துப் பக்கம் போனேன், தண்ணி ஏறும்போது ஒன்றும் கடிக்கவில்லை, வத்தும்போது போகணுமா?” என்று கேட்டுப் பாருங்கள். தன் அனுபவத்தையும் சேர்த்து வைப்பவருக்குப் பதில் சொல்ல எல்லோருக்கும் மனசு வரும்.

இடம் சொல்பவர்கள் செய்யும் பெரிய தவறு, மேப் பின்னை அப்படியே பொதுக்குழுவில் போட்டுவிடுவது. கடலில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது; மீன் நகர்ந்துகொண்டே இருக்கும். குளத்திலும் கால்வாயிலும் கதை வேறு. விராலை எடுத்துக்கொள்ளுங்கள். குஞ்சு பொரித்த பிறகு தாயும் தகப்பனும் அந்தச் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழேயே காவலாகச் சுற்றும். மூச்சுவிடக் குஞ்சுகள் மேலே வரும்போது, தண்ணீர் ஒரு தட்டகலத்துக்குக் கொதிப்பது போலத் தெரியும். அதன் நடுவில் ஃப்ராக் லூரை (தவளை வடிவச் செயற்கை இரை) போட்டால் காவல் மீன் பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கடிக்கும். ஒருவர் போட்ட பின்னைப் பார்த்து அடுத்த இரண்டு நாளில் நாலு வண்டி வந்தால், தாயும் தகப்பனும் சட்டிக்குப் போய்விடும். காவல் போன குஞ்சுகளைக் கெளுத்தியும் கொக்கும் பார்த்துக்கொள்ளும். குஞ்சு நிற்கும் இடத்தை யாருக்கும், நெருங்கிய நண்பருக்கும்கூட, சொல்லாமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

பின் போடாமலே இடத்தைக் காட்டிக்கொடுப்பவர்களும் உண்டு. படத்தில் மீன் பெரிதாக இருக்கும். பின்னால் முட்டம் கலங்கரை விளக்கமோ, ஏதோ ஊர்க் கோயில் கோபுரமோ, தாடகை மலையின் முகடோ தெளிவாகத் தெரியும். மலை எந்தப் பக்கம் சாய்ந்து தெரிகிறது என்பதை வைத்தே எந்தக் குளத்தங்கரை என்று சொல்லிவிடுகிற ஆட்கள் நாகர்கோவிலில் இருக்கிறார்கள். இன்னொன்று: வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படத்தில் இட விவரம் நீங்கிவிடும். ‘கிளாரிட்டி குறையக் கூடாது’ என்று அதையே டாக்குமென்டாக அனுப்பினால், கேமராவில் லொக்கேஷன் ஆன் ஆகியிருந்த பட்சத்தில் அந்த விவரமும் கூடவே போகும்.

வேறொருவர் கூட்டிப்போய்க் காட்டிய இடம் என்றால் அவரைக் கேட்காமல் வாய் திறக்கக் கூடாது. இதற்கு விளக்கம் தேவையில்லை.

அப்புறம், ‘ஆளே இல்லாத பீச், செம ஸ்பாட்’ என்று எழுதுகிறார்களே, அது. நீரோடி தொடங்கி நம் குமரி மாவட்டக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர்தான். அதற்குள் 40-க்கும் மேற்பட்ட மீனவக் கிராமங்கள். ஆள் இல்லாத மாதிரி தெரிகிற கரையில்தான் விடியற்காலையில் கரமடி வலை இழுப்பார்கள், வள்ளம் ஏற்றுவார்கள். அறுந்த தூண்டில் நரம்பையும் மும்முனைக் கொக்கியையும் மணலில் விட்டுவிட்டு வந்தால், வெறுங்காலோடு வலை இழுப்பவர் காலில்தான் ஏறும். அந்த ஊர்ப் பெரியவர் யாரிடமாவது “அண்ணே, இங்க தூண்டில் போடலாமா?” என்று கேட்டுவிட்டு உட்காருவதே முறை. இடத்தைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு கூட்டம் குப்பை போட்டால் அடுத்த முறை விரட்டப்படுவது உங்களையும்தான்.

அனுமதி இல்லாத இடத்தை ‘ரகசிய ஸ்பாட்’ என்று பரப்புவது இன்னொரு வகை. ஊர்க் குளங்கள் பலவும் மீன்வளர்ப்புக்குக் குத்தகைக்குப் போனவை. அங்கே பிடிப்பது குத்தகைக்காரரின் மீன். பேச்சிப்பாறை அணையைச் சுற்றி இருப்பது காடு, வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போக முடியாது. சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே வீசியெறிந்த நரம்பு நீர்ப்பறவைகளின் காலில் சுற்றிக்கொள்ளும். உங்கள் பதிவை நம்பி வந்த பையன் மாட்டிக்கொண்டால் உங்கள் பெயரும் சேர்ந்தே வரும்.

பாறைகளையும் தூண்டில் வளைவுகளையும் (கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள்) பரிந்துரைப்பவர்கள், எந்த மாதம் எந்த நேரம் போனோம் என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஜனவரியில் குளம் போலக் கிடக்கிற அதே கல், ஜூன் மாதத்தில் நிற்கிற இடமே அல்ல. ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் வேறு. எங்கோ தெற்கே கிளம்பிய அலை, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் கரையேறும். 2024 மே 6-ஆம் தேதி நம் மாவட்டத்து லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நேரத்தில்தான். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லாமல் பாறைக்கு வழி மட்டும் சொல்வது பாதி தகவல்கூட இல்லை.

இதனாலெல்லாம் இடத்தை மறைக்க நினைத்து, வேண்டுமென்றே வேறு இடத்தைச் சொல்லி அலையவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது வேடிக்கை இல்லை. தெரியாத கல்லில் இருட்டில் ஏறப்போவது உங்களை நம்பியவர். ‘ராஜாக்கமங்கலத்துக்கு மேற்கே, பொழிமுக மணல்மேடு உடைந்த மறுவாரம், உயிர் இறால் போட்டேன்’ என்ற அளவுக்குச் சொன்னால் தேடத் தெரிந்தவர் கண்டுபிடித்துக்கொள்வார். அதுவும் சொல்ல மனமில்லையா, சரி, “இது சொல்ல முடியாது மக்கா” என்று எழுதிவிடுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள்.