அப்பாவின் தூக்கம், என் தூக்கம்

82 வயது அப்பா ராத்திரி நாலைந்து தடவை பாத்ரூம் போவார். விழுந்துவிடுவாரோ என்று நானும் எழுவேன். மூன்று மாதத்தில் எல்லோரிடமும் எரிந்து விழ ஆரம்பித்துவிட்டேன். அப்பாவுக்குத் தூக்க மாத்திரை கேட்டதற்கு டாக்டர் தயங்கினார். இந்த வயதில் தள்ளாடி விழ வைக்குமாம். ஊசி போட வந்த நர்ஸ் அக்காதான் மாத்திரை டப்பாவைப் பார்த்துவிட்டு, "கால் வீக்கத்துக்கான ஃப்ரூஸ்மைடை ஏம்மா ராத்திரி கொடுக்கிறே? ஆறு மணி நேரம் சிறுநீரைப் பிரிச்சுக்கிட்டே இருக்குமே" என்றார். தப்பு என்னுடையதுதான். காலை அவசரத்தில் மறந்து, ராத்திரி கொடுத்தே பழகியிருந்தேன். டாக்டரிடம் கேட்டுக் காலை எட்டு மணிக்கு மாற்றினோம். அப்புறம் மதியத் தூக்கத்தை அரை மணியாகக் குறைத்தோம்; சண்டையே அதற்குத்தான். இப்போது ஒரு தடவைதான் எழுகிறார். சனி, ஞாயிறு இரவுகள் தம்பியின் முறை.