தடம் புரண்டது ஆளா, டிராக்கரா?

நடைமேடை கேமராவில் 'சந்தேக நடமாட்டம்' என்று அலாரம் அடித்தால், ஆளைப் பார்ப்பதற்கு முன் அவருடைய பாதை எப்படி வரையப்பட்டது என்று பாருங்கள்.

தூணுக்குப் பின்னால் இருவர் எதிரெதிரே கடக்கிறார்கள். வெளியே வரும்போது டிராக்கர், அதாவது வீடியோவில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்துப் பின்தொடரும் மென்பொருள், இருவரின் எண்ணையும் மாற்றிப் போட்டுவிடுகிறது. பதிவில் இருவருமே தூண்வரை போய், வந்த வழியே திரும்பியதாக இருக்கும். இரண்டு தடங்கள் ஒரு மீட்டருக்குள் நெருங்கி, ஒரே நொடியில் இரண்டும் திரும்பினால் அலாரத்துக்கு விடாமல் தனியே ஒதுக்குங்கள். தடம் அறுந்தாலோ நேர்மாறான சிக்கல்: அரை மணி நேரம் சுற்றியவர், ஆளுக்கு மூன்று நிமிடம் நின்ற பத்துப் பேராகிவிடுவார். பைட்டிராக் என்ற டிராக்கர், ஆள்தானா என்று உறுதி குறைந்த கட்டங்களையும் (கட்டம் என்பது ஆளைச் சுற்றி மென்பொருள் வரையும் செவ்வகம்) பொருத்திப் பார்ப்பதால் இந்த அறுபடல் குறையும்.

அடுத்தது வேகம். நொடிக்கு 25 ஃப்ரேம் (படம்) எடுக்கும் கேமராவில், நொடிக்கு 1.4 மீட்டர் நடப்பவர் ஒரு ஃப்ரேமில் நகர்வது 5.6 செ.மீ. தூரத்தில் ஒரு பிக்சல் 5 செ.மீ. என்றால், கட்டம் 3 பிக்சல் ஆடினாலே 15 செ.மீ. பிழை, கணக்கில் நொடிக்கு 3.75 மீட்டர், அதாவது நிற்பவரே ஓடுகிறார். வேகத்தை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எடுக்காமல் ஒரு நொடி இடைவெளியில் எடுங்கள். நேரத்தையும் ஃப்ரேம் எண்ணிலிருந்து கணக்கிடாதீர்கள். நெட்வொர்க் திணறினால் ஃப்ரேம்கள் விடுபடும்.

இதற்கெல்லாம் பிக்சலைத் தரையின் மீட்டராக மாற்றியிருக்க வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யும் கணக்கான ஹோமோகிராஃபிக்கு நான்கு தரைப்புள்ளிகள் போதும், எந்த மூன்றும் ஒரே கோட்டில் இல்லாதவரை. மாற்ற வேண்டியது கட்டத்தின் நடுப்புள்ளியை அல்ல, பாதம் படும் கீழ்விளிம்பை. தள்ளுவண்டி காலை மறைத்தால் அந்த விளிம்பு மேலேறி, ஆள் சில மீட்டர் பின்னால் குதித்துவிடுவார்.

பாதைகளை ஒப்பிடும் அளவுகோலில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு பாதைகள் அதிகபட்சம் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்கும் ஹவுஸ்டார்ஃப் தூரத்துக்குத் திசை தெரியாது. வெளியேறும் வழியில் எதிர்த்திசையில் நுழைபவருக்கும் அது பூஜ்யம்தான் சொல்லும். டிடிடபிள்யூ (டைனமிக் டைம் வார்ப்பிங்) என்ற இன்னொரு அளவுகோல் நேரத்தை இழுத்துப் பொருத்துவதால், நடுவில் பத்து நிமிடம் நின்றவரும் நேராகப் போனவரும் அதற்கு ஒன்றே. திசையையும் நின்ற நேரத்தையும் தனி அம்சங்களாகச் சேருங்கள்.

99.9 சதவீதத் துல்லியம் என்பதில் மயங்க வேண்டாம். ஒரு கேமரா ஒரு நாளில் தருவது 21,60,000 ஃப்ரேம், அதில் 0.1 சதவீதம் தவறினாலே 2,160 ஃப்ரேம். கேமராவுக்கு ஒரு நாளில் எத்தனை பொய் அலாரம் என்று எண்ணுங்கள். சோதனைத் தரவை நாள் வாரியாகப் பிரித்தெடுங்கள்; ஒரே கூட்டத்தில் நடந்தவர்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்தால் வரும் மதிப்பெண் செல்லாது.