வாடைக்கு முதுகு காட்டி உட்காருங்கள்

எங்கள் தாத்தா வாத்து சுடுவார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். ஆனால் தை பிறந்ததும் விடியுமுன் கண்மாய்க்குப் போகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. நான் அவர் பின்னால் போக ஆரம்பித்தது அதற்கும் பல வருஷம் கழித்து. குறி வைக்க ஒன்றுமில்லாமல் அப்படி என்னதான் பார்க்கிறார் என்று அப்பத்தா முணுமுணுப்பார். இன்று என் வீட்டுக்காரி அதையே என்னிடம் கேட்கிறாள்.

வாத்து பார்க்க எப்போது வரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, தை பாதிக்கு மேல். ஐப்பசியிலேயே வலசை வாத்துகள் வந்துவிடும், உண்மைதான். அப்போது ஆணும் பெண்ணும் ஒரே மண்நிறத்தில் இருக்கும், புதிதாகப் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். தை மாசியில்தான் ஊசிவால் வாத்தின் ஆண், கழுத்தில் வெள்ளைக்கோடு ஏறி, மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கும். நீலச்சிறகி மட்டும் சோம்பேறி. அதன் ஆணுக்கு அந்த வெள்ளைப் புருவம் தெளிவாக வர மாசிகூட ஆகிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. மார்கழியில் எல்லாக் கண்மாயிலும் தண்ணீர் கிடப்பதால் பறவை சிதறிப் போயிருக்கும். மடை திறந்து வயலுக்குப் பாய்ந்து, சின்னக் கண்மாய்கள் வற்ற வற்ற, மிச்சத் தண்ணீருக்கு எல்லாம் வந்து சேரும்.

எங்கே? ராமநாதபுரம் டவுனிலிருந்தே ஆரம்பிக்கலாம், சக்கரக்கோட்டை கண்மாய் பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கும் தேர்த்தங்கலுக்கும் 2025-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் 2022-லேயே கிடைத்துவிட்டது. இவை சரணாலயங்கள், வனத்துறை ஆட்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். சரணாலயத்துக்குப் போகிற எல்லோரும் கருவேல மரத்தில் கூடு கட்டியிருக்கும் நாரையையே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வாத்து மரத்தில் இல்லை, மரத்துக்கு அப்பால் திறந்த தண்ணீரில் கிடக்கும். முழங்காலளவு ஆழமுள்ள ஓரங்களைப் பாருங்கள். தலையைக் கவிழ்த்து வாலைத் தூக்கி மேய்கிற வாத்துக்கு அதற்கு மேல் ஆழம் உதவாது.

இனி உட்காரும் இடம். தாத்தா எனக்குச் சொல்லித் தந்ததில் பாதி இதுதான். வாத்து காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும். தையில் நம் பக்கம் வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கும். நீங்கள் வடகிழக்குப் பக்கம் வாடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், இறங்குகிற கூட்டம் நெஞ்சைக் காட்டிக்கொண்டு உங்களை நோக்கியே வரும். விடிந்தபின் வெயிலும் முதுகுப் பக்கமே இருப்பதால் நிறம் பளிச்சென்று தெரியும். நம் சீமையில் நிலம் கடலைப் பார்த்துச் சரிவதால் பல கண்மாய்களின் கரை கிழக்கிலேயே அமைந்திருக்கும், அது ஒரு கொடுப்பினை.

ஆனால் கரை உச்சியில் நிற்காதீர்கள். வானத்துக்கு எதிரே மனுஷ உருவம் தெரிந்தால் இருநூறு முந்நூறு பறவை ஒரே மூச்சில் எழுந்துவிடும். வெளிப்பக்கமாக நடந்து போய், வேண்டிய இடத்தில் குனிந்து ஏறி, உள்சரிவில் ஒரு கருவேலத்தை ஒட்டி உட்காருங்கள். மழை பெய்த கரையில் அடியில் போட உரச்சாக்கைவிட நல்லது இல்லை, ஈரம் ஏறாது. அது சலசலக்கும் என்பதுதான் தொல்லை, அதனால் மேலே ஒரு பழைய போர்வையை விரிக்கிறேன். வெள்ளைச் சட்டை வேண்டாம். குடையை விரித்தால் அன்றைய பொழுது முடிந்தது. தூறினால் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இருந்துவிடுங்கள்.

காலுக்கு ரப்பர் செருப்பு போட்டு வராதீர்கள். மூன்று வருஷம் முன்பு சீமைக்கருவேல முள் ஒன்று செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறி, உள்ளேயே ஒடிந்துவிட்டது. பத்து நாள் நொண்டினேன். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசல் வேறு. மழைக்குப்பின் நாலு எட்டு வைத்தால் காலுக்குக் கால் ஒரு கிலோ மண் ஒட்டும். தடித்த அடி உள்ள ஷூ போடுங்கள், தண்ணீர் தேங்கும் உள்வாய்ச் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள்.

பைனாகுலர் எட்டுக்கு நாற்பத்திரண்டு போதும், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். ஈரக்காலையில் கண்ணாடியில் ஆவி படியும், துடைக்க வாயால் ஊதாதீர்கள், இன்னும் மோசமாகும். பழைய பருத்தி வேட்டித் துணி ஒரு துண்டும், ஷூ டப்பாவில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் இரண்டும் என் பையில் எப்போதும் கிடக்கும்.

அடையாளம் பார்க்க அலகிலிருந்து தொடங்குங்கள். கரண்டி மாதிரி அகன்ற அலகைத் தண்ணீரில் வைத்தபடியே கூட்டமாக வட்டம் சுற்றினால் தட்டைவாயன். அலகு நுனியில் மஞ்சள் தெரிந்தால் புள்ளிமூக்கு வாத்து, அது நம்மூர்க்காரர், எங்கும் வலசை போகாது. பறக்கையில் தலையைத் தொங்கப் போட்டு விசிலடித்துக்கொண்டே போனால் சீழ்க்கைச் சிறகி. சீப்பின் பல்லில் நகத்தை இழுத்தது போல் கரகரவென்று ஒரு சத்தம் கேட்டால் நீலச்சிறகி ஆண். நெற்றியில் வெள்ளை நாமத்தோடு கன்னங்கரேல் என்று மிதப்பது வாத்தே இல்லை, நாமக்கோழி. தண்ணீர்மேல் தபதபவென்று ஓடித்தான் அதனால் எழ முடியும். நானும் முதல் வருஷம் அதையெல்லாம் வாத்தென்று எண்ணி நோட்டில் எழுதிவைத்தேன்.

எண்ணுவதற்கு முதலில் இருபது பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். அந்த அளவை அப்படியே கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போகலாம். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987-இலிருந்து நடந்துவருகிறது. அதில் கலந்துகொண்டால் அனுபவஸ்தர் பக்கத்தில் நின்று ஒரே நாளில் நிறையக் கற்கலாம்.

நீங்கள் அசையாமலேயே மொத்தக் கூட்டமும் எழுந்தால் மேலே பாருங்கள், சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழ்வாக வரும். கொஞ்ச நேரத்தில் கூட்டம் அதே இடத்தில் இறங்கிவிடும், பயப்பட வேண்டாம். உங்களால் எழுவதுதான் தப்பு. மேய்வதை நிறுத்திக் கழுத்தை நட்டமாக நிமிர்த்தினால் அதற்குமேல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள். மாசிக்கு மேல் இமயத்துக்கு அப்பால் திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்க்கிற காலம். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அந்தச் சேமிப்பில் நாம் கை வைக்கிறோம்.

கௌதாரி, காட்டுக்காடையைப் பிடிப்பதற்கும் அந்த வனவிலங்குச் சட்டம்தான். கண்ணி கண்ணில் பட்டால் நீங்களே அறுக்காமல் போட்டோ எடுத்து வனத்துறையிடம் சொல்லுங்கள். காடை தின்னும் ஆசை வந்தால் கடையில் பண்ணைக்காடை இருக்கிறது.

காலையில் வரமுடியாதவர்கள் சாயங்காலம் வாருங்கள், அப்போது மேற்குக்கரை நல்லது. பகலெல்லாம் தூங்கி வழிந்த வாத்துகள் பொழுது சாய்ந்ததும் வயல்காட்டுக்கு மேயக் கிளம்பும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாத அளவு இருட்டினபின், சர்ரென்று இறக்கைச் சத்தம் மட்டும் தலைக்குமேல் போகும். அந்த நேரத்தில் தாத்தா எழுந்திருக்க விடமாட்டார். கடைசிக் கூட்டம் போகும்வரை என் தோளில் கையை வைத்து அழுத்தியே உட்கார்ந்திருப்பார்.