'பரவாயில்லை' ரகப் பாட்டுக்குப் புள்ளி கிடையாது: யூரோவிஷனில் பிரிட்டன் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

2021 மே 22, ராட்டர்டாம். ஐரோப்பிய நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு மோதும் யூரோவிஷன் போட்டியின் இறுதிச் சுற்றில் 26 பாடல்கள். பிரிட்டன் சார்பில் பாடிய ஜேம்ஸ் நியூமனுக்கு நடுவர்களிடமிருந்து பூஜ்ஜியம், பார்வையாளர்களிடமிருந்தும் பூஜ்ஜியம். அந்த ஆண்டு பிரிட்டனைத் தவிர 38 நாடுகள் வாக்களித்தன. ஒவ்வொரு நாடும் நடுவர் பட்டியல் ஒன்று, மக்கள் பட்டியல் ஒன்று என்று இரண்டு தரும். ஆக 76 பட்டியல்கள், ஒவ்வொன்றிலும் பத்து இடங்கள். அந்த 760 இடங்களில் ஒன்றில்கூட பிரிட்டன் இல்லை. பக்கத்து அயர்லாந்தும் தரவில்லை, வழக்கமாகக் கைகொடுக்கும் மால்டாவும் தரவில்லை.

இத்தனைக்கும் இது சாதாரண நாடு இல்லை. 1957 முதல் போட்டியில் இருக்கிறது. 1967, 1969, 1976, 1981, 1997 என ஐந்து முறை வென்றிருக்கிறது. 16 முறை இரண்டாமிடம், அது வேறு எந்த நாட்டுக்கும் இல்லாத கணக்கு. ஆனால் 2003 முதல் 2025 வரை எடுத்துப் பார்த்தால் ஐந்து முறை கடைசி இடம் (2003, 2008, 2010, 2019, 2021), அதில் இரண்டு முறை பூஜ்ஜியம். முதல் பத்துக்குள் வந்தது இரண்டே முறை: 2009-இல் ஐந்தாமிடம், 2022-இல் இரண்டாமிடம். உலகமே கேட்கும் இசையை உருவாக்கும் ஒரு நாட்டுக்கு ஏன் இந்த நிலை? திறமைக் குறைவு காரணம் இல்லை. தவறுகள் ஏறத்தாழ ஒரே மாதிரியானவை, பெரும்பாலும் தவிர்க்கக் கூடியவை.

புள்ளிக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பாட்டைத் தேர்ந்தெடுப்பது

மற்ற எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். யூரோவிஷனில் சராசரி மதிப்பெண் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பட்டியலிலும் முதலிடத்துக்கு 12, இரண்டாமிடத்துக்கு 10, மூன்றாமிடத்துக்கு 8, அதன் பிறகு 7, 6 என்று இறங்கிப் பத்தாமிடத்துக்கு 1. பதினோராவது இடத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு பாட்டு எல்லா நாட்டிலும் பதினோராவது இடம் பிடித்தால், அதாவது பாதிக்கு மேற்பட்ட பாடல்களைவிட நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தாலும், அதன் மொத்தப் புள்ளி பூஜ்ஜியம். அதே நேரம் பத்துப் பட்டியல்களில் முதலிடமும் மற்ற பட்டியல்களில் கடைசி இடமும் பெறும் பாட்டுக்கு 120 புள்ளி.

மக்கள் வாக்கில் இது இன்னும் கூர்மை. பார்வையாளர் காசு கொடுத்து வாக்களிக்கிறார். 2025 வரை ஒருவர் 20 வாக்குகள் வரை போடலாம் என்பது விதி. 'கேட்க நன்றாகத்தான் இருந்தது' என்பவர் போனை எடுக்க மாட்டார். 'இதுதான் என் பாட்டு' என்பவர் தன் எல்லா வாக்கையும் போடுவார். எனவே யாருக்கும் வெறுப்பு வராதபடி வழித்துச் சீராக்கிய பாட்டு, வானொலியில் பிழைத்துக்கொள்ளும், இங்கே பிழைக்காது. 2023-இல் லிவர்பூல் போட்டியில் மே மல்லர் பாடிய பாட்டு பிரிட்டன் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது. போட்டியில் 26-க்கு 25-ஆம் இடம், 24 புள்ளி.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் இதே பொறி உண்டு. ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, யாருக்கும் ஆட்சேபணை இல்லாத பாட்டைத் தேர்ந்தெடுத்தால் கையில் மிஞ்சுவது பதினோராவது இடத்துப் பாட்டு. கேட்க வேண்டிய கேள்வி, 'இது யாருக்காவது உயிரான பாட்டாக இருக்குமா?'

பழியை அண்டை நாடுகள் மேல் போடுவது

ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எழும் பேச்சு: எல்லாம் அரசியல், அண்டை நாடுகள் ஒன்றுக்கொன்று புள்ளி போட்டுக்கொள்கின்றன. பிபிசி வர்ணனையாளராகப் பல்லாண்டு இருந்த டெரி வோகன் 2008 போட்டியோடு விலகியபோதும் இதே மனக்குறையைச் சொன்னார். கிரீஸும் சைப்ரஸும் 12 புள்ளியைப் பரிமாறிக்கொள்வது உண்மை. ஆனால் அந்த வகையில் கிடைப்பது சில பத்துப் புள்ளிகள்தான்; கோப்பை கிடைக்காது. 2017-இல் போர்ச்சுகல் வென்றது. அதன் நில எல்லை ஸ்பெயினோடு மட்டும். பாடியவர் சால்வடோர் சோப்ரல், பாடிய மொழி போர்த்துகீசியம், பெற்றது 758 புள்ளி. 2010-இல் ஜெர்மனி, 2014-இல் ஆஸ்திரியா, 2019-இல் நெதர்லாந்து வென்றன. இவை எந்தக் கூட்டணியின் பலம்?

2003 தோல்விக்கு இராக் போர் காரணம் என்றார்கள், 2021 தோல்விக்கு பிரெக்ஸிட். பிரெக்ஸிட் காரணமென்றால், அடுத்த ஆண்டே பிரிட்டன் பாடகர் சாம் ரைடர் 466 புள்ளி வாங்கி இரண்டாமிடம் வந்திருக்க முடியாது. நடுவர் வாக்கில் அவருக்கே முதலிடம், 283 புள்ளி. அரசியலைக் காரணம் சொல்வதில் இருக்கும் பெரிய தீமை, அடுத்த ஆண்டு எதையும் மாற்ற வேண்டியதில்லை என்று ஆகிவிடுவதுதான்.

ஆங்கிலமே பலம் என்று இன்னும் நம்புவது

1977 முதல் 1998 வரை ஒவ்வொரு நாடும் தன் மொழியில்தான் பாட வேண்டும். அப்போது ஆங்கிலத்தில் பாடிய பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் அது பெரிய அனுகூலம். 1999-இல் விதி தளர்ந்தது. பலரும் ஆங்கிலத்துக்கு வந்தார்கள், அனுகூலம் அன்றே போயிற்று. இப்போது காற்று எதிர்ப் பக்கம் அடிக்கிறது. 2021-இல் முதல் மூன்று இடங்களைப் பிடித்தவை இத்தாலி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து. பாடியது இத்தாலிய மொழியிலும் பிரெஞ்சிலும். பிரிட்டன் தன் இன்னொரு மொழியான வெல்ஷில் பாட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆங்கிலம் இனி எந்தப் பாட்டையும் தனியே காட்டாது, ஆகவே தனித்தன்மை வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

பாட்டு ஒரு பக்கம், பாடகர் ஒரு பக்கம்

2010-இல் பாட்டு முதலில் முடிவானது. எண்பதுகளில் வெற்றிகளைக் குவித்த மைக் ஸ்டாக், பீட் வாட்டர்மன் இருவரும் ஸ்டீவ் கிராஸ்பியோடு சேர்ந்து எழுதியது. அதைப் பாட ஒருவரைத் தொலைக்காட்சியில் தேர்ந்தெடுத்தார்கள். ஜோஷ் டுபோவி ஆஸ்லோவில் பாடி 10 புள்ளியோடு கடைசி இடம் வந்தார். தனக்காக எழுதாத, தன் காலத்துக்கும் பொருந்தாத பாட்டை ஓர் இளைஞன் சுமக்க வேண்டியிருந்தது.

2019 நிகழ்வு இன்னும் பாடம் தரக்கூடியது. பிபிசியின் தேர்வில் மூன்று பாடல்கள், ஒவ்வொன்றையும் இரண்டு கலைஞர்கள் இருவேறு பாணியில் பாட, ஒரே இரவில் முடிவு. மைக்கேல் ரைஸ் தேர்வானார். அவர் பாடிய பாட்டை எழுதியவர்களில் ஒருவர் ஸ்வீடனின் ஜான் லுண்ட்விக். அதே லுண்ட்விக் அதே ஆண்டு ஸ்வீடன் சார்பில் வேறொரு பாட்டோடு மேடையேறி ஐந்தாமிடம் வந்தார். மைக்கேல் ரைஸ் 11 புள்ளியோடு கடைசி. இரண்டு பாட்டிலும் ஒரே கை இருந்தது. வித்தியாசம், லுண்ட்விக் தன் பாட்டைத் தானே பாடினார். ஸ்வீடன் தேர்வுப் போட்டியான மெலோடிஃபெஸ்டிவாலன் ஆறு சனிக்கிழமைகள் நடந்ததில் பாட்டு, அசைவு, கேமரா கோணம் எல்லாம் மெருகேறி வந்தது. அங்கே தேர்வின்போது காட்டுவதையே ஏறத்தாழ அப்படியே யூரோவிஷன் மேடைக்கும் கொண்டுபோகிறார்கள்.

சாம் ரைடர் பாடியது தானும் சேர்ந்து எழுதிய பாட்டு. அவருடைய உச்சஸ்தாயி எங்கே ஏறும் என்பது தெரிந்து கட்டிய மெட்டு அது.

பழைய பெயரை நம்புவது

2012-இல் 76 வயதான எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க்கை அனுப்பினார்கள். (அவர் பிறந்தது நம் சென்னையில், 1936-இல், இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டோர்சி.) பாகுவில் முதல் ஆளாகப் பாடினார், 12 புள்ளி, 26-க்கு 25-ஆம் இடம். அடுத்த ஆண்டு போனி டைலர், 23 புள்ளி, 19-ஆம் இடம். இருவரும் பெரிய கலைஞர்கள், அந்த மரியாதையில் குறைவில்லை. ஆனால் வாக்குப் போடுகிற இருபது வயதுப் பார்வையாளருக்கு அந்தப் பெயர்கள் எதுவும் சொல்வதில்லை. அவர் முன்னால் இருப்பது மூன்று நிமிடப் பாட்டு மட்டும்.

வேடிக்கைப் பாட்டுக்கும் இதே கதிதான். 2007-இல் விமானப் பணியாளர் உடையில் வந்த ஸ்கூச் குழுவுக்கு மால்டா 12, அயர்லாந்து 7, ஆக மொத்தம் 19. மற்ற நாடுகள் எல்லாம் பூஜ்ஜியம். பிரிட்டனுக்கு மட்டும் புரிந்த நகைச்சுவை கடலைத் தாண்டவில்லை.

அரங்கத்துக்காக மேடை அமைப்பது

வாக்களிப்பவர்களில் பெரும்பாலோர் அரங்கத்தில் இல்லை, கேமரா காட்டுவதை வீட்டில் பார்க்கிறார்கள். மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்கக் கூடாது, பாட்டு மூன்று நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு பாட்டுக்கு இடையே ஓடும் சிறு காணொளியின் முக்கால் நிமிடத்துக்குள் முந்தைய நாட்டின் பொருள்களை அகற்றி, அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இந்த நெருக்கடியில் பெரிய பொருளை ஏற்றுபவர்கள், 'இது எந்த நொடியில் எந்த ஷாட்டில் வரும், பாட்டுக்கு என்ன செய்யும்?' என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். 2021-இல் ஜேம்ஸ் நியூமன் பின்னால் இரண்டு ராட்சத டிரம்பட்டுகள் நின்றன. பாட்டில் டிரம்பட் ஒலி உண்டு, அதற்காக வைத்தது. ஆனால் அந்தப் பாட்டு நெருப்பு அணையாமல் கங்காக இருக்கும் காதலைப் பற்றியது. கண்ணுக்குத் தெரிந்ததும் காதில் விழுந்ததும் ஒட்டவில்லை.

2022-இல் சாம் ரைடர் தனி ஆள். பளபளக்கும் உடை, சுற்றிலும் உலோகச் சட்டகம், பாட்டின் உச்சத்தில் கையில் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார். மறுநாள் ஒருவர் இன்னொருவரிடம் 'அந்த நீளமுடிக்காரர்' என்று ஒரே வார்த்தையில் சொல்லக் கூடிய உருவம். 26 பாட்டு கேட்ட பிறகும் நினைவில் நிற்க அது போதும்.

வெள்ளிக்கிழமையை ஒத்திகை என்று நினைப்பது

பலருக்குத் தெரியாத விஷயம் இது. நடுவர்கள் சனிக்கிழமை இரவு பாடுவதைக் கேட்டு மதிப்பிடுவதில்லை. முந்தின நாள் வெள்ளி இரவு நடக்கும் முழு ஒத்திகையைப் பார்த்து வரிசைப்படுத்துகிறார்கள். மொத்தப் புள்ளியில் ஏறத்தாழப் பாதி அன்றே முடிவாகிவிடுகிறது. தொண்டையைச் சனிக்கிழமைக்காகச் சேமிக்கிறேன் என்று அன்று அடக்கி வாசித்தால் பாதியைக் கைவிட்டதாக அர்த்தம்.

குரல் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 2011 சாட்சி. ப்ளூ குழு பார்வையாளர் வாக்கில் ஐந்தாமிடம், நடுவர் வாக்கில் 22-ஆம் இடம், சேர்த்தபோது 11-ஆம் இடம். அந்தக் குழுவின் பெயருக்கு இருந்த செல்வாக்கு பார்வையாளரிடம் எடுபட்டது, நேரடிக் குரலின் தடுமாற்றம் நடுவர்களிடம் எடுபடவில்லை. 2003-இல் ரீகாவில் பிரிட்டனின் ஜெமினி குழுவினர் இருவரும் முதல் அடியிலிருந்தே சுருதி விலகிப் பாடினார்கள். பாடுபவர்களுக்கு இசையைக் கேட்கவைக்கும் மேடை ஒலிபெருக்கியில் (மானிட்டர்) தங்கள் பின்னணி இசையே கேட்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். கிடைத்தது பூஜ்ஜியம். முன்னணிக் குரல் நேரடியாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டுடியோவில் அடுக்கடுக்காகப் பதிவுசெய்த பாட்டை, ஓடி ஆடிக்கொண்டே ஒற்றைக் குரலில் பாடினால் பல்லவியில் மூச்சு வாங்கும். 2021 முதல் பின்னணிக் குரல்களை முன்கூட்டியே பதிவுசெய்துகொள்ளலாம் என்றாலும், முன்னணிக் குரலின் தளர்ச்சியை அது மறைப்பதில்லை.

சரிபார்க்க எளிய வழி உண்டு. பாட்டை முடிவுசெய்யும் முன்பே, நடன அசைவோடு, மூன்று நிமிடமும், தொடர்ந்து நான்கு முறை பாடச் சொல்ல வேண்டும். நான்காவது முறையும் கடைசிப் பல்லவி சுருதியில் நிற்கிறதா? நிற்கவில்லையென்றால் ஸ்தாயியைக் குறைக்கலாம், அசைவைக் குறைக்கலாம், பாட்டையே மாற்றலாம். போட்டி வாரத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் மேடையில் தனியாகக் கிடைக்கும் ஒத்திகை நேரம் மிகக் கொஞ்சம். அங்கே போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்பது நடக்காது.

நேரடி நுழைவைச் சலுகையாக எண்ணிச் சும்மா இருப்பது

பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளோடு பிரிட்டனும் அதிக நிதி தருவதால் அரையிறுதி இல்லாமல் நேராக இறுதிக்குப் போகிறது. இதில் ஒரு நஷ்டமும் ஒளிந்திருக்கிறது: மற்ற பாடல்கள் அரையிறுதியில் வாக்கால் வடிகட்டப்படுகின்றன, நேயர்களின் காதிலும் ஒரு முறை விழுந்துவிடுகின்றன. 2024 முதல் இந்த நாடுகளும் அரையிறுதி நிகழ்ச்சியில் முழுப் பாட்டையும் பாடிக் காட்டலாம் என்று ஆனது நல்ல மாற்றம். ஆனாலும் பாட்டை வாரக்கணக்கில் ஐரோப்பா முழுக்க எடுத்துச் செல்லும் வேலையை யாராவது செய்ய வேண்டும். 2009-இல் ஜேட் யூவனும் 2022-இல் சாம் ரைடரும் பல நாடுகளுக்கு நேரில் போனார்கள். ரைடருக்கு டிக்டாக்கில் ஏற்கெனவே ஒரு கோடிக்கு மேற்பட்ட பின்தொடர்பவர்கள் இருந்தார்கள். முதல் பத்துக்குள் வந்தவை இந்த இரண்டு ஆண்டுகள்தான்.

2024-இல் ஆலி அலெக்சாண்டருக்கு 46 புள்ளி, 2025-இல் ரிமெம்பர் மண்டே குழுவுக்கு 88. எல்லாமே நடுவர்கள் தந்தவை. இரண்டு ஆண்டும் மக்கள் வாக்கில் பூஜ்ஜியம். ரிமெம்பர் மண்டேயின் மூவரும் நேர்த்தியாக இசைவு கூட்டிப் பாடியதை நடுவர்கள் மதித்தார்கள். ஆனால் பாட்டு மூன்று நிமிடத்துக்குள் தாளகதியைப் பல முறை மாற்றிக்கொண்டே போனது. முதல் முறை கேட்பவர் கூடவே பாடப் பிடிமானம் இல்லை.

ஆகவே இப்போதைய வேலை மக்கள் பக்கம்தான். தேர்வுக்கு முன் பிரிட்டனுக்கு வெளியே ஐந்தாறு நாடுகளில் சிறு குழுக்களை உட்காரவைத்து, பழைய ஆண்டொன்றின் 25 பாடல்களுக்கு நடுவே புதுப் பாட்டைக் கலந்து, ஒரே ஒரு முறை போட்டுக் காட்டலாம். பிடித்திருக்கிறதா என்று கேட்க வேண்டாம். மறுநாள் காலை, எந்தப் பாட்டின் எந்த வரி நினைவிருக்கிறது, எதற்குக் காசு கொடுத்து வாக்குப் போடுவீர்கள் என்று மட்டும் கேட்க வேண்டும். பத்துப் பேரில் ஒன்பது பேர் மறந்து, ஒருவர் மட்டும் பல்லவியை முழுதாகப் பாடிக் காட்டினாலும் அந்தப் பாட்டை அனுப்பலாம். பத்துப் பேரும் 'நன்றாகத்தான் இருந்தது' என்றால் வேறு பாட்டைத் தேட வேண்டும்.