குஸ்கோவின் பெரிய சதுக்கத்தை முதல் தடவை பார்க்கப் போகிறவர்களுக்கு

பெருவுக்குப் போகிற பலருடைய மனதிலும் இருப்பது மச்சு பிச்சு ஒன்றுதான். குஸ்கோ அவர்களுக்கு வழியில் ஒரு ராத்திரி தங்கும் ஊர். காலையில் சதுக்கத்தை ஒரு சுற்று சுற்றி, நாலு படம் எடுத்துக்கொண்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிடுவார்கள். அதைப் பார்த்தால் எனக்கு மனது கேட்பதில்லை. இன்கா பேரரசின் நடுப்புள்ளியே பிளாசா தெ அர்மாஸ் என்ற இந்தப் பெரிய சதுக்கம்தான். இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எப்படிப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: வந்த அன்றைக்குச் சும்மா இருங்கள்

குஸ்கோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோர லிமாவிலிருந்து விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் உடம்பால் அவ்வளவு வேகமாக ஏற முடியாது. தலைவலி, குமட்டல், மூச்சிரைப்பு எல்லாம் வரும். உள்ளூரில் இதற்கு ‘சொரோச்சே’ என்று பெயர். நான் போன அன்று மாலையே சான் பிளாஸ் மேட்டுக்கு விறுவிறுவென்று ஏறினேன். மறுநாள் முழுக்க எழுந்திருக்க முடியவில்லை. நீங்கள் அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். மெதுவாக நடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், இரவில் வயிறு நிறையச் சாப்பிடாதீர்கள். விடுதியில் கோக்கா இலை போட்ட தேநீர் தருவார்கள். குடிக்கலாம், ஆனால் அந்த இலையை ஊருக்கு எடுத்து வராதீர்கள், பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம். இதயத்திலோ நுரையீரலிலோ தொந்தரவு இருப்பவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள்

மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு. பகல் வெயில் தோலை எரிக்கும், ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் உறைநிலையைத் தொடும். தொப்பியும் வேண்டும், கனத்த மேல்சட்டையும் வேண்டும். பேராலயத்தின் முகப்பில் பிற்பகலில்தான் வெளிச்சம் விழும். அதனால் படம் எடுப்பதை மாலைக்கு வைத்துக்கொண்டு, காலையைப் பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அமைந்தால் இன்னும் நல்லது. காலையில் கொடியேற்றமும் அணிவகுப்பும் நடக்கும். பெருவின் கொடியோடு குஸ்கோவின் வானவில் கொடியும் ஏறும்.

படி 3: முதலில் நடுவில் உட்காருங்கள்

பலரும் நேராகப் பேராலயத்துக்குள் நுழைகிறார்கள். வேண்டாம். நீரூற்றுப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் அரை மணி நேரம் உட்காருங்கள். இந்த நாளிலேயே முக்கியமான அரை மணி நேரம் இதுதான் என்பேன்.

இன்காக்கள் காலத்தில் சதுக்கம் இதைவிடப் பெரியது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் பகுதி ஹவுகைபாட்டா. அதற்கு அப்பால் கூசிபாட்டா. இரண்டுக்கும் நடுவே சாஃபி என்ற சிற்றாறு ஓடியது. இன்றைக்கும் ஓடுகிறது, தெருவுக்கு அடியில். ஸ்பானியர்கள் வந்த பிறகு நடுவில் வீடுகள் எழுந்து சதுக்கம் துண்டானது. வளைவுத் தாழ்வாரங்களுக்குப் பின்னால் போனால் பிளாசா ரெகோசிஹோ என்ற சின்னச் சதுக்கம் வரும். அதுதான் பழைய கூசிபாட்டாவில் மிஞ்சியது.

பேரரசின் நான்கு திசைகளுக்கும் போகும் பெருவழிகள் இங்கிருந்துதான் புறப்பட்டன. சின்ச்சாய்சுயு, அந்திசுயு, கொய்யாசுயு, குந்திசுயு என்று நான்கு நாடுகள், நான்கு சாலைகள்.

அப்புறம் காலடி மண்ணைப் பாருங்கள். ஒரு காலத்தில் இங்கே கடற்கரை மணல் பரப்பியிருந்தது! பசிபிக் கரையிலிருந்து மலைத்தொடர் ஏற்றிச் சுமந்து வந்து கொட்டிய மணல். அதற்குள் பொன்னாலும் வெள்ளியாலும் செய்த சின்ன உருவங்களைக் காணிக்கையாகப் புதைத்திருந்தார்கள். போலோ தெ ஒந்தெகார்தோ என்ற ஸ்பானிய அதிகாரி 16ஆம் நூற்றாண்டில் இதை எழுதி வைத்திருக்கிறார். மணலை அள்ளி எடுக்க வைத்தவரும் அவரேதான், அது பேராலயக் கட்டுமானத்துக்குப் போனது. கடலையே கண்டிராத மலை மக்கள் எத்தனை பேர் அந்த மணலில் கால் வைத்திருப்பார்கள் என்று யோசித்தபடி நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதே மண்ணில் ரத்தமும் சிந்தியிருக்கிறது. கடைசி இன்கா மன்னர் முதலாம் துபாக் அமாருவை 1572இல் இங்கேதான் தலை வெட்டிக் கொன்றார்கள். இருநூறு வருடம் கழித்து, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த இரண்டாம் துபாக் அமாருவையும் இங்கேதான் கொன்றார்கள். 1781 மே 18 அன்று அவர் மனைவி மிக்காயேலா பஸ்திதாஸை அவர் கண்முன்னே கொன்றுவிட்டு, அவர் கைகால்களை நான்கு குதிரைகளில் கட்டி இழுத்தார்கள். உடல் பிரியவில்லை. பிறகு தலையை வெட்டினார்கள். பூச்செடியும் புல்தரையுமாக இருக்கும் இந்த இடத்தில் படம் எடுக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

படி 4: பேராலயம்

‘போலெத்தோ துரீஸ்திகோ’ என்ற சுற்றுலாச் சீட்டு வாங்கியிருந்தாலும் அது இங்கே செல்லாது. தனிச் சீட்டு எடுக்க வேண்டும். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

விராக்கோச்சா என்ற இன்கா மன்னரின் அரண்மனை இருந்த இடத்தில் 1560 வாக்கில் தொடங்கி 1654 வரை கட்டினார்கள். கற்களில் ஏராளமானவை மேலே சக்ஸாய்வமான் கோட்டையிலிருந்து பெயர்த்தவை. உள்ளே இரண்டை மட்டும் தவறவிடாதீர்கள். ஒன்று, மார்கோஸ் சப்பாத்தா என்ற உள்ளூர் ஓவியர் வரைந்த இறுதி இராவுணவு. மேசை நடுவில் தட்டில் இருப்பது ‘கூய்’, நாம் கினிப்பன்றி என்கிறோமே, அது. ஆண்டிஸ் வீடுகளில் விருந்து என்றால் அதுதான். இயேசுவின் கடைசி விருந்துக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டையே பரிமாறியிருக்கிறார் அந்த மனிதர்.

இன்னொன்று, நிலநடுக்கங்களின் ஆண்டவர் எனப்படும் கருநிறச் சிலுவை நாதர். 1650 மார்ச் 31இல் ஊரே இடிந்தபோது மக்கள் இந்தச் சிலையை வெளியே எடுத்து வந்தார்கள், நடுக்கம் அடங்கியது என்பது நம்பிக்கை. மெழுகுவர்த்திப் புகை பட்டுப்பட்டுக் கருத்த உடல். புனித வாரத்துத் திங்களன்று ஊர்வலமாக எடுத்து வரும்போது ‘ஞுக்சு’ என்ற சிவப்புப் பூவைத் தூவுவார்கள்.

படி 5: சுவரின் அடியைப் பாருங்கள்

சதுக்கத்தில் இன்னொரு பெரிய தேவாலயம் இருக்கிறது, லா கொம்பானியா. இயேசு சபையார் கட்டியது. 1650 நடுக்கத்தில் இடிந்து, 1668இல் மறுபடி எழுந்தது. முகப்பு பேராலயத்தைவிட அழகு, என் கண்ணுக்கு. அதைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் லொரெத்தோ என்ற ஒடுங்கிய சந்து போகும். அதற்குள் போங்கள்.

இரண்டு பக்கமும் இன்கா சுவர். சாந்தே கிடையாது. கல்லோடு கல் தேய்த்துப் பொருத்தியிருக்கிறார்கள், சுவர் உள்பக்கமாக லேசாகச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வும் பொருத்தமும்தான் நடுக்கத்தில் அதைக் காப்பாற்றுகின்றன. 1950இல் மறுபடி பெரிய நிலநடுக்கம் வந்தபோது சாந்தோ தொமிங்கோ மடத்தில் பிற்காலக் கட்டடம் சரிந்தது, அடியில் கொரிகாஞ்சா சூரியக் கோயிலின் சுவர் நின்றது. லொரெத்தோ தெரு உங்களை அந்த வழியில்தான் கொண்டு போகும்.

சரி, பன்னிரண்டு மூலைகளோடு வெட்டிச் சுவரில் பொருத்திய அந்தப் புகழ்பெற்ற இன்கா கல்லைப் பார்க்க வேண்டுமே. பேராலயத்தின் வலப்பக்கத் தெருவில் ஏறினால் ஹாத்துன் ருமியோக் வரும், வலது சுவரில் கூட்டம் நிற்கும் இடம்தான். தொடக் கூடாது. அந்தக் கல்லோடு நின்றுவிடாமல் சுவர் முழுவதையும் பாருங்கள், ஒரு கல்லைப் போல இன்னொன்று இருக்காது.

படி 6: தாழ்வாரங்களும் சாப்பாடும்

தாழ்வாரங்களுக்கு ரொட்டி, மாவு, இறைச்சி என்றெல்லாம் பெயர், அங்கே முன்பு விற்ற பொருள்களை வைத்து. இன்று உணவகத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் நிற்பார்கள். ‘நோ, கிராசியாஸ்’ (வேண்டாம், நன்றி) என்று சிரித்துக்கொண்டே சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆட்டுக்குட்டியோடு, லாமாவோடு நிற்கும் பெண்களைப் படம் எடுத்தால் பணம் கொடுக்க வேண்டும். அது அவர்கள் பிழைப்பு. எவ்வளவு என்று முதலில் கேட்டுக்கொண்டு, பெருவின் பணமான ‘சோல்’ சில்லறையை மனதாரக் கொடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ‘சின் கார்னே’ (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும், ‘கார்னே’ என்றால் மாட்டிறைச்சி என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். ‘சின் போயோ’ (கோழி இல்லாமல்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடையில் சான் பெத்ரோ சந்தை இருக்கிறது. பெரிய மணி மக்காச்சோளத்தை வேகவைத்து ஒரு துண்டு பாலாடைக்கட்டியோடு சாப்பிட்டாலே வயிறு நிறையும்.

படி 7: தேதியைப் பாருங்கள்

ஜூன் 24 இன்தி ராய்மி என்ற சூரியத் திருவிழா. காலையில் கொரிகாஞ்சாவில் தொடங்கி, இந்தச் சதுக்கம் வழியாகச் சக்ஸாய்வமானுக்குப் போகும். சதுக்கத்தில் நின்று பார்க்கக் காசு வேண்டாம், ஆனால் இடம் பிடிக்க விடியலிலேயே போக வேண்டும். டிசம்பர் 24இல் சாந்துரந்திகுய் சந்தை. மலைக் கிராமத்தார் குடில் பொம்மைகளோடு வந்து சதுக்கத்துக் கல்தரையிலேயே கடை விரிப்பார்கள். இந்த இரண்டு சமயத்திலும் அறை கிடைப்பது கஷ்டம், பல மாதம் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.