ஊரில் பழகிய கை ரெயூனியனில் ஏன் தடுமாறுகிறது: மோட்டோ பெர்மியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலோ காரைக்காலிலோ பத்து வருஷம் பல்சர் ஓட்டியவருக்கு பிரான்சின் தீவான ரெயூனியனில் மோட்டோ பெர்மி, அதாவது மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் உரிமம், எடுப்பது சுலபம் என்று தோன்றும். அந்தப் பத்து வருஷப் பழக்கம்தான் அவரைக் கவிழ்க்கும். வண்டியைத் தொட்டே பார்க்காத ஒரு பதினெட்டு வயதுக்காரர் மோனித்தர் (பயிற்சியாளர்) சொன்னதை அப்படியே செய்துவிடுவார். பழைய கைக்காரர் முதலில் கற்றதை மறக்க வேண்டும், பிறகுதான் புதிதாகக் கற்க முடியும். ஆகவே இங்கே பேசப்போவது பெரும்பாலும் பழக்கங்களைப் பற்றி. கணக்கெல்லாம் ஆ2 பெர்மிக்கு: 18 வயது, 35 கிலோவாட்டுக்கு மேற்படாத வண்டி.

முதலில் காகித வேலை. கார் பெர்மிக்கு எழுதிய கோட், அதாவது சாலை விதி எழுத்துத் தேர்வு, மோட்டோவுக்குச் செல்லாது. மோட்டார் சைக்கிளுக்கென்றே தனி எழுத்துத் தேர்வு உண்டு. 40 கேள்வியில் 35 சரியாக இருக்க வேண்டும். "பன்னிரண்டு ஃபிஷையும் மனப்பாடம் பண்ணிடு தம்பி" என்று மாமாவோ சித்தப்பாவோ சொன்னால் தலையாட்டிவிட்டு விட்டுவிடுங்கள். ஃபிஷ் எனப்படும் தாள்களை வைத்து நடந்த அந்த வாய்மொழித் தேர்வு 2020 மார்ச் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. பயிற்சி குறைந்தது 20 மணி நேரம்: 8 மணி மைதானத்தில், 12 மணி சாலையில். சிலருக்கு அது போதும். நிறையப் பேருக்குப் போதாது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உடுப்பில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. ஹெல்மெட், சேஇ (CE) தர முத்திரை உள்ள கையுறை, நீளக் கை ஜாக்கெட், முழுக் கால்சட்டை, கணுக்கால் மூடும் காலணி: ஒன்று குறைந்தாலும் பரீட்சைக்கு ஏற்ற மாட்டார்கள். ரப்பர் செருப்போடு மொபெட்டில் கடைக்குப் போய்வரும் தீவு இது என்பதால் காலணியைத்தான் அதிகம் மறக்கிறார்கள். கையுறையைப் பரீட்சைக்கு முதல் நாள் வாங்குவது அதைவிடப் பெரிய தவறு. புதுத் தோல் விறைப்பாக இருக்கும், கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. இரண்டு வாரமாவது அதைப் போட்டே பயிற்சிக்குப் போங்கள். 2016 நவம்பர் 20 முதல் கையுறை இல்லாமல் ஓட்டினால் 68 யூரோ அபராதம், பெர்மியிலிருந்து ஒரு புள்ளியும் போகும். அதனால் இது பரீட்சையோடு முடிகிற செலவு இல்லை.

பிளாத்தோ

பிளாத்தோ என்னும் மைதானத் தேர்வு இஞ்சினை ஓடவிடாமல் வண்டியைத் தள்ளுவதில் தொடங்குகிறது. ஊர் பல்சர் 145 கிலோ அளவில் இருக்கும், ஒரு கையால் இழுத்துத் திருப்பிவிடலாம். பயிற்சிப் பள்ளியின் 500 சிசி வண்டி 190 கிலோவைத் தொடும். அதை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் சாயும். சாய்ந்தபின் யாராலும் நிறுத்த முடியாது. இடப்பக்கம் நின்று, வண்டியை இம்மியளவு உங்கள் பக்கம் சாய்த்து, இடுப்பைப் பெட்ரோல் டாங்கில் அணைத்துக்கொண்டு தள்ளுங்கள். கைகள் திசை காட்ட மட்டும்தான், தள்ளுவது இடுப்பும் தொடையும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடிக்காதீர்கள், அந்த இடத்திலேயே வண்டி படுத்துவிடும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஸ்டாண்ட் மடங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் தள்ளத் தொடங்கி முகம் சிவப்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, மெதுவாக ஓட்டும் பகுதி. பின்னால் ஒருவரை உட்காரவைத்து ஓட்டுவதும் அதில் சேர்ந்தது. வண்டி கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான், காரணமும் பெரும்பாலும் கண்தான். முன் சக்கரத்தருகே நிற்கும் கோனைப் பார்த்தால் சக்கரம் அந்தக் கோனுக்கே போகும். பார்வை எப்போதும் அடுத்த இடைவெளியில் இருக்க வேண்டும். யூ டர்ன் எடுக்கும்போது தாடை தோளைத் தொடுமளவு தலையைத் திருப்பி, வெளியேறப்போகும் இடத்தைப் பாருங்கள். கழுத்து திரும்பினால் தோள் திரும்பும், தோளோடு ஹேண்டிலும் வரும்.

இரண்டாவது காரணம் கிளட்ச். வேகம் கூடுகிறதே என்று ஆக்சிலேட்டரை மூடினால் வண்டி குலுங்கும், குலுங்கினால் கால் தரைக்குப் போகும். ஆக்சிலேட்டரைச் சும்மா ஓடும் நிலைக்குச் சற்று மேலே வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். வேகத்தை ஹாஃப் கிளட்சிலும், பின் பிரேக்கை லேசாக உரசவிட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வலது கையின் நான்கு விரலும் கைப்பிடியிலேயே இருக்கட்டும். முன் பிரேக்கில் விரல் வைத்திருந்தால் பதற்றத்தில் அது தானாக இழுக்கும். முட்டி இரண்டும் டாங்கை இறுக்கட்டும், முழங்கை தளர்வாக இருக்கட்டும். கிளட்ச் லீவரின் நுனியில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத தளர்ச்சி இருக்க வேண்டும். லீவர் உங்கள் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தால் ஏறுவதற்கு முன்பே மோனித்தரிடம் சொல்லிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

பின்னால் உட்கார்பவரிடம் ஏறும் முன்பே பேசிவிடுங்கள்: கால் பெடலை விட்டு எடுக்கக் கூடாது, தானாகச் சாயக் கூடாது, திருப்பத்தில் வண்டி சாயும் பக்கத்துத் தோளின் மேலாகப் பார்த்தால் போதும். பயத்தில் எதிர்ப்பக்கம் சாயும் பாசஞ்சர் நீங்கள் கற்றதையெல்லாம் ஒரே நொடியில் கெடுத்துவிடுவார்.

பிறகு வேகப் பகுதி. அவசர பிரேக் சோதனைக்குக் குறைந்தது 50 கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும், மூன்றாம் கியரில். இங்கே இரண்டு வகைத் தவறு. பயந்தவர் 45-இல் வருவார், அது செல்லாது. துணிந்தவர் 60-இல் வருவார், நிற்க வேண்டிய கோட்டைத் தாண்டிப் போவார். 50-லிருந்து 60 என்றால் பத்துதானே என்று தோன்றும். ஆனால் நிற்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் 44 சதவீதம் அதிகமாகிறது. முன்னதாகவே வேகத்தைப் பிடித்து, மீட்டரை ஒருமுறை பார்த்து, பிறகு கண்ணை நிமிர்த்தித் தூரத்தில் வையுங்கள். மீட்டரைப் பார்த்துக்கொண்டே பிரேக் போடுபவரின் தலை குனிந்திருக்கும். தலை குனிந்தால் உடம்பு முன்னே சரிந்து கை விறைக்கும்.

ஊர்ப் பழக்கம் வெளியே தெரியும் இடமும் இதுதான். பின்னால் டிரம் பிரேக் உள்ள வண்டியில் பழகியவர் காலால்தான் நிறுத்துவார். முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று யாரோ சின்ன வயதில் சொன்னது மனதில் நின்றுவிட்டது. பிரேக் போடும்போது எடை முன் சக்கரத்துக்குப் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது. லேசான சக்கரத்தை அழுத்தினால் அது வழுக்கிப் பக்கவாட்டில் போகும். நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. ஆனால் அதைப் பறிக்கக் கூடாது, பிழிய வேண்டும்: முதலில் முன் ஃபோர்க் அமுங்கும் அளவு, எடை முன்னே வந்ததும் முழு பலம். காலில் தொடக்கத்தில் மட்டும் அழுத்தம், பிறகு தளர்த்துங்கள். கிளட்ச் கடைசியில், நிற்கப்போகும் நேரத்தில்.

கிழக்கே சேன் பெனுவா பக்கம் பயிற்சி எடுப்பவர்கள் மழையிலும் பழகிவிடுவார்கள். மேற்கே காய்ந்த தரையிலேயே பழகியவருக்குப் பரீட்சை நாளில் மழை வந்தால் கை நடுங்கும். ஈரத் தரைக்கு நிற்கும் கோடு தள்ளி வைக்கப்பட்டிருக்கும், அந்தக் கூடுதல் தூரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பிழியுங்கள். தரையில் போட்ட வெள்ளைப் பெயின்ட்டின் மேல் மட்டும் பிரேக் வேண்டாம்.

தடையைத் தவிர்த்து விலகும் சோதனையும் 50-க்குக் குறையாமல்தான். உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பும் என்று நினைப்பவர் இதில் தோற்பார், உடம்பைச் சாய்த்து முடிப்பதற்குள் தடை வந்துவிடும். அந்த வேகத்தில் வண்டி தலைகீழ்க் கணக்கில் வேலை செய்கிறது: இடது கைப்பிடியை முன்னால் தள்ளினால் வண்டி இடப்பக்கம் சாய்ந்து இடப்பக்கம் போகும். நம்ப முடியாவிட்டால் காலி மைதானத்தில் 40-இல் நேராகப் போய்க்கொண்டே உள்ளங்கையால் மெல்ல ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். தெரிந்துவிட்டால் பிறகு இது இரண்டே செயல்: ஒரு பக்கம் தள்ளு, மறுபக்கம் தள்ளி நிமிர்த்து. நடுவில் பிரேக்கைத் தொடாதீர்கள், சாய்ந்திருக்கும் டயருக்கு இரண்டு வேலை ஒன்றாகக் கொடுத்தால் பிடி விட்டுவிடும். கண் தடையில் இல்லாமல் வெளியேறும் வாசலில் இருக்கட்டும்.

சாலையில்

வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். நெரிசலில் யாரும் தவறு செய்வதில்லை, முன்னால் போகும் வண்டி வழிகாட்டிவிடும். தவறு நடப்பது காலிச் சாலையில்: பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஆளில்லாத தெருவில் இடது திரும்பி முடிக்கும்போது. கை பழைய ஊருக்குப் போய்விடும். திரும்பும் முன் "நடுக்கோடு என் இடக்கைப் பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. ரோன்புவானிலும் (ரவுண்டானாவிலும்) அப்படியே. வட்டத்துக்குள் இருப்பவருக்கு முதலுரிமை, அவர் வருவது உங்கள் இடப்பக்கத்திலிருந்து. ஊரில் வலப்பக்கம் பார்த்துப் பழகிய தலை முதலில் அங்கேதான் திரும்பும்.

பலகையோ கோடோ இல்லாத சின்னச் சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு முதலுரிமை. குடியிருப்புத் தெருக்களில் இதை மறந்து நேராகப் போனால் அன்றைய பரீட்சை அங்கேயே முடிந்துவிடலாம். ஹாரன் அடித்துவிட்டுப் போவது இங்கே பதில் இல்லை. ஊருக்குள் உடனடி ஆபத்துக்கு மட்டும்தான் ஹாரன்.

இன்ஸ்பெக்டர் பின்னால் காரில் வருகிறார். உங்கள் கண்மணி கண்ணாடியைப் பார்த்ததை அவரால் பார்க்க முடியாது, ஹெல்மெட் திரும்பியதைத்தான் பார்ப்பார். கிளம்பும் முன்பு இடத் தோளுக்கு மேலேயும், பாதை மாறும் முன்பு போகப்போகும் பக்கத்துத் தோளுக்கு மேலேயும் தெளிவாகத் தலையைத் திருப்புங்கள். இண்டிகேட்டர் பெரும்பாலான பள்ளி வண்டிகளில் தானாக அணையாது. திரும்பி முடித்ததும் கட்டைவிரலால் அழுத்துவதையும் திருப்பத்தின் ஒரு பகுதியாகவே பழகுங்கள்.

இந்தத் தீவில் மேடு இல்லாத பரீட்சைப் பாதை அரிது. சேன் தெனியில் பெல்பியேர் பக்கம் சிக்னலில் நின்றால் புரியும். நிற்கும்போது வலது காலை ஊன்றுபவர் பின் பிரேக்கை இழக்கிறார், வண்டி பின்னால் உருளும். இடது கால் தரையில், வலது கால் பிரேக்கில். கிளட்ச் பிடித்து வண்டி முன்னே போக முனையும்போது மட்டும் பிரேக்கை விடுங்கள்.

மலைத் திருப்பங்களில் இன்னொன்று. இடப்பக்கம் வளையும்போது சக்கரம் உங்கள் பாதையில்தான் இருக்கும், ஆனால் வண்டி சாய்ந்திருப்பதால் தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பாதையில் இருக்கும். ஜூலை முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டுக் காலம். கஷலோ என்று இங்கே சொல்லும் பெரிய கரும்பு லாரி எதிரே வந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டாம். இடத் திருப்பத்தில் பாதையின் வலப்பாதியில் இருங்கள். அந்த மாதங்களில் வயல் வாசல்களுக்கு முன்னால் மண்ணும் சிந்திய கரும்பும் கிடக்கும். அங்கே நிமிர்ந்து, பிரேக் இல்லாமல் கடக்க முன்பே வேகம் குறைத்திருக்க வேண்டும்.

கட்டளைகள் காதில் ரேடியோ வழியாக வரும். காற்றிலும் ஹெல்மெட் சத்தத்திலும் "துருவாத்" என்பதும் "து துருவா" என்பதும் ஒன்றுபோல் கேட்கும்: முன்னது வலப்பக்கம், பின்னது நேரே. பிரெஞ்சு சரளமாக இருப்பவருக்கே குழப்பம் வரும். அதனால் பயிற்சியிலும் ரேடியோ போட்டே ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். எதுவும் சொல்லாவிட்டால் நேரே போக வேண்டும் என்று பொருள். காதில் ஒன்றும் விழவில்லை என்றால் ஊகித்துத் திரும்பாமல், பாதுகாப்பான இடத்தில் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நிறுத்திக் கையைத் தூக்குங்கள்.